நம்பிக்கையை எடுத்துவிட்டு எதிர்நோக்கை வைத்தது எதற்கு?

2025 யூபிலி ஆண்டில் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்ற வரி இல்லாத கத்தோலிக்கப் பதாகையைப் பார்ப்பதே அரிதாக இருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் அந்த ஆண்டுக்குத் தந்த மையக் கருத்து அது. மன்றாட்டு, மறையுரை, காலண்டர் என்று எல்லா இடத்திலும் 'எதிர்நோக்கு' என்ற அந்தச் சொல் வந்தது, சரி, ஒரு வருஷம்தானே என்று விட்டுவிட்டேன். ஆனால் சாவு வீட்டில் துக்கம் விசாரிக்க வந்தவர் 'எதிர்நோக்கோடு இருங்கம்மா' என்று சொன்னதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கணவனை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு அதில் என்ன ஆறுதல் கிடைத்திருக்கும்? 'இனி எதை எதிர்நோக்குறது' என்றுதான் தோன்றியிருக்கும்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரக் கடைசியில் பவுல் மூன்றைச் சொல்கிறார்: கிரேக்கத்தில் பிஸ்டிஸ், எல்பிஸ், அகாபே (ஆங்கிலத்தில் ஃபெய்த், ஹோப், லவ்). 1871இல் ஹென்றி பவர் குழு தந்த தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு (பவர் திருப்புதல்) வழியாகப் புராட்டஸ்டண்ட் சபைகளில் நிலைத்தவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. கத்தோலிக்கர்களும் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். பழைய செபப் புத்தகத்தில் விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்று மூன்று மந்திரங்கள் இருக்கும். செபமாலையின் தொடக்கத்தில் தேவ விசுவாசம், தேவ நம்பிக்கை, தேவ சிநேகம் என்று மூன்று புண்ணியங்களைக் கேட்பது இன்றும் பல பாட்டிமார் வாயில் இருக்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இது நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று மாறியது. ஆக, ஒரே வீட்டில் பாட்டி 'நம்பிக்கை' என்று கேட்பது எல்பிஸை, பேத்தி மறைக்கல்வியில் 'நம்பிக்கை' என்று படிப்பது பிஸ்டிஸை.

ஏன் மாற்றினார்கள் என்பது ஊகிக்கக் கடினமில்லை. விசுவாசம் வடசொல். சுவாசத்தோடு வேர் உறவுள்ள சொல், மூச்சை நிம்மதியாக விடுகிற நிலை என்று வைத்துக்கொள்ளலாம். தமிழாக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் அதை எழுப்பி அனுப்பிவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த நம்பிக்கையை அதில் உட்கார வைத்தார்கள். இப்போது நம்பிக்கையின் நாற்காலி காலி. அதற்கு ஆள் தேடியபோது கிடைத்ததுதான் எதிர்நோக்கு. மாற்றம் தேவைப்பட்டது ஒரு சொல்லுக்கு, இடம்பெயர்ந்தது இரண்டு சொல்.

தமிழாக்கத்துக்கு நான் எதிரி இல்லை. சுவிசேஷம் நற்செய்தி ஆனதும் இரட்சிப்பு மீட்பு ஆனதும் கிருபை அருள் ஆனதும் நல்ல காரியங்கள். கேட்ட உடனே புரிகிறது. ஆனால் தூய்மைதான் அளவுகோல் என்றால் பாவம், செபம், தியாகம் எல்லாம் இன்னும் அப்படியே இருக்கின்றனவே, அவையும் வடக்கிலிருந்து வந்தவைதானே. விசுவாசத்தின் மேல் மட்டும் ஏன் இந்தக் கோபம்?

'நாய்க்குத்தான் விசுவாசம்' என்று ஒரு கிண்டல் உண்டு. கட்சி விசுவாசி, ராஜ விசுவாசம், உண்ட வீட்டுக்கு விசுவாசம் என்று அந்தச் சொல் எஜமானுக்கு உண்மையாயிருப்பதைக் குறிக்கப் போய்விட்டது, அதனால் கடவுள் காரியத்துக்கு ஆகாது என்கிறார்கள். இவர்கள் கிரேக்க அகராதியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிஸ்டிஸ் என்பதற்குள் அந்த உண்மைத்தன்மையும் இருக்கிறது. தாலந்து உவமையில் 'உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே' என்று எஜமான் பாராட்டுகிறாரே, அங்கே 'உண்மை' என்று வருவது அதே வேரில் பிறந்த பிஸ்டோஸ். கடவுள் இருக்கிறார் என்று தலையாட்டுவது மட்டும் பிஸ்டிஸ் ஆகாது, அவரைப் பிடித்தவன் விடாமல் நிற்பதும் அதில் அடக்கம். கிண்டலடிக்கிற அந்தப் பொருள்தான் மூலத்துக்கு நெருக்கமான பொருள்.

சரி, நம்பிக்கைக்கு வருவோம். இது பச்சைத் தமிழ், கன்னடத்தில் நம்பு, தெலுங்கில் நம்மு என்று குடும்பமே இருக்கிறது. இதன் பழைய பொருளைத் தொல்காப்பியம் உரியியலில் சொல்கிறது: 'நம்பும் மேவும் நசையாகும்மே'. நசை என்றால் விருப்பம், ஆசை. அதாவது நம்பு என்ற சொல் தமிழ் இலக்கணத்தில் முதலில் நமக்கு அறிமுகமாவது ஏக்கம் கலந்த விருப்பம் என்ற பொருளில். இது எல்பிஸுக்கு எவ்வளவு பொருத்தம்! இந்தச் சொல்லைப் போய் எல்பிஸிடமிருந்து பிடுங்கியிருக்கிறோம்.

பழைய இலக்கணம் வேண்டாம், இன்றைய பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் 'பிழைப்பார்னு நம்பிக்கை இருக்கா டாக்டர்?' என்று கேட்கிறோம். இளம் ஆட்டக்காரரை நம்பிக்கை நட்சத்திரம் என்கிறோம். வாழ்க்கை வெறுத்துப் போனவரை நம்பிக்கை இழந்தவர் என்கிறோம். எதிர்நோக்கை இழந்தவர் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நம்பிக்கை ஊட்டலாம், அளிக்கலாம், வைக்கலாம், துளிர்க்கும், பொய்க்கும். எதிர்நோக்கை வைத்து இதில் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள்.

நம்பிக்கை துரோகம், நம்பிக்கையில்லாத் தீர்மானம், மூடநம்பிக்கை எல்லாம் இருக்கிறதே, அங்கே பிஸ்டிஸ் பக்கம்தானே சாய்கிறது என்று கேட்டால், ஆமாம். நம்பிக்கை இரண்டு பக்கமும் நிற்கும் சொல். ஆனால் தமிழ் அதைப் பிரித்துக் காட்டவும் வழி வைத்திருக்கிறது. 'அவர்மேல் நம்பிக்கை' என்றால் பிஸ்டிஸ், 'கைவிடமாட்டார் என்ற நம்பிக்கை' என்றால் எல்பிஸ். எல்லா இடத்திலும் இது கச்சிதமாகப் பொருந்தும் என்று சொல்லமாட்டேன், ஆனால் பெரும்பாலும் கேட்பவர் தடுமாறுவதில்லை.

இப்போது எதிர்நோக்கு. இதை ஆதரிப்பவர்கள் சும்மா பேசவில்லை. பழைய கிரேக்கத்தில் எல்பிஸ் என்பது நல்லதோ கெட்டதோ வரப்போவதை எதிர்பார்ப்பது என்ற பொதுப்பொருளில்தான் இருந்தது. எபிரேயத்தில் இதற்கு ஈடான திக்வா என்ற சொல் காத்திருத்தல் என்ற வினையிலிருந்து வருகிறது. கன்னட வேதாகமம் நம்பிக்கெ, நிரீக்ஷெ, ப்ரீதி என்கிறது, தெலுங்கிலும் நிரீக்ஷணதான். நல்ல வாதம், ஒத்துக்கொள்கிறேன். எபிரெயர் 11:1இல் 'நாம் எதிர்நோக்கி இருப்பவை கிடைக்கும் என்னும் உறுதி' என்று திருவிவிலியம் சொல்லும்போது தெளிவாகவே இருக்கிறது, பழைய மொழிபெயர்ப்பின் 'நம்பப்படுகிறவைகளின் உறுதி' அங்கே குழப்புகிறது. அப்புறம், வினையாக வரும்போது எதிர்நோக்குக்கு ஒரு செயப்படுபொருள் கூட வரும், அதனால் பிழைத்துக்கொள்கிறது. பெயர்ச்சொல்லாக, ஒரு புண்ணியத்தின் பெயராகத் தனியே நிற்கும்போதுதான் வெறும் எலும்பாகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. செய்தித்தாள் தமிழில் எதிர்நோக்குவது எதை? சவால்களை, நெருக்கடியை, பற்றாக்குறையை. இலங்கைச் செய்திகளில் 'மக்கள் எதிர்நோக்கும் பிரச்சினைகள்' என்ற தொடர் வராத நாள் உண்டா? ஆக, வாசகர் மனதில் இந்தச் சொல்லோடு ஒட்டியிருப்பது துன்பம். துன்பத்தின் நடுவில் கடவுளைப் பிடித்துக்கொள்வதைச் சொல்ல, துன்பத்தையே முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிற சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்!

பவுலின் எல்பிஸ் வெறும் எதிர்பார்ப்பும் இல்லை. அவர் வாசித்தது எபிரேய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து. இயேசு சிலுவையில் கதறிய சங்கீதம் 22இல் 'எங்கள் பிதாக்கள் உம்மிடத்தில் நம்பிக்கை வைத்தார்கள்' என்று வருகிறதே, எபிரேயத்தில் அது ஒருவரைச் சார்ந்து நிற்பதைக் குறிக்கும் வினை, செப்துவஜிந்தில் அதற்குப் போட்டிருப்பது எல்பிஸின் வினைதான். சாய்வதற்கு ஒரு ஆள் இருக்கிறார் என்ற சூடு அந்தச் சொல்லுக்குள் வந்துவிட்டது. காத்திருத்தலை மட்டும் தனியே எடுத்தால் அந்த ஆள் காணாமல் போகிறார். எருசலேம் இடிந்து கிடந்தபோது பாடிய புலம்பல் 3:26ஐ பழைய வேதாகமம் 'நம்பிக்கையோடு காத்திருக்கிறது நல்லது' என்று தந்திருக்கிறது. நம்பிக்கையும் வேண்டும், காத்திருத்தலும் வேண்டும், இரண்டும் வேறு. ரோமர் 4:18இல் ஆபிரகாமைப் பற்றி 'நம்பிக்கையோடே விசுவாசித்தான்' என்று வரும் இடம் இன்னும் அழகு. இரண்டு சொல்லும் தத்தம் வேலையைச் செய்கின்றன.

வடசொல்லே கூடாது என்பவர்களுக்குத் தமிழில் ஆள் இல்லாமலும் இல்லை. தேறு என்ற வினை குறளிலேயே 'தேறற்க யாரையும் தேராது' என்று நம்புதல் பொருளில் வருகிறது. தேற்றம் என்று வைத்தால் உறுதி, ஆறுதல் இரண்டும் கிடைக்கும். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் பிதாகரஸை நினைப்பார்கள், அதனால் நடக்காது. பற்றுறுதி என்ற சொல் இருக்கிறது. பற்று, உறுதி இரண்டும் யாருக்கும் விளங்கும், பிஸ்டிஸின் விடாப்பிடியும் அதில் வந்துவிடுகிறது. விசுவாசம் வேண்டாம் என்றால் பற்றுறுதி, நம்பிக்கை, அன்பு என்று போங்கள். நம்பிக்கையை அதன் இடத்தில் விடுங்கள்.

இந்தக் குழப்பம் கோயிலோடு நிற்கவில்லை. 'நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்' என்று கடிதம் வருகிறது, நலமா என்று கேட்டால் போதாதா? 'தங்கள் பதிலை எதிர்நோக்குகிறோம்' என்று அலுவலகக் கடிதம் முடிகிறது, ஏதோ என் பதில் ஒரு நெருக்கடி மாதிரி. வெளிநாட்டுப் பிரசங்கியார் பேசுவதை மேடையில் நின்று மொழிபெயர்க்கிறவர், ஃபெய்த், ஹோப் என்ற இரண்டு வேறு சொற்களுக்கும் நம்பிக்கை, நம்பிக்கை என்றே போட்டுக்கொண்டு போகிறார், கூட்டமும் ஆமென் சொல்கிறது. வாசகம் வாசிப்பவர்கள் அச்சில் உள்ளதைத்தான் வாசிக்க முடியும், அதில் தப்பில்லை. மறையுரைக்கும் சாவு வீட்டுக்கும் அந்தக் கட்டாயம் கிடையாது. 'ஆண்டவர் கைவிடமாட்டார்ங்கிற நம்பிக்கையோட இருங்கம்மா' என்று சொல்ல எந்த ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டியதில்லை.