நோட்டீஸை வாங்க மறுத்தால் நிலம் தப்பிவிடாது

சென்ற வாரம் என் அலுவலகத்துக்கு வந்த பெரியவர், தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்தில் தென்னந்தோப்பின் முன்பகுதியை இழக்கப்போகிறவர். "தபால்காரர் மூன்று முறை வந்தார், வக்கீலய்யா. ஒரு தடவைகூட நான் கையெழுத்துப் போடவில்லை" என்று பெருமையோடு சொன்னார். இதே பேச்சை இந்த ஆண்டில் எத்தனை கட்சிக்காரர்களிடம் கேட்டுவிட்டேன்! தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

கிரயம் வேறு, நில எடுப்பு வேறு. கிரயத்தில் விற்பவர் கையெழுத்திடாமல் சொத்து கைமாறாது. நில எடுப்பில் உங்கள் கையெழுத்துக்கு அந்த வலிமை கிடையாது. 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி, 3டி பிரிவின் கீழான அறிவிக்கை, அதாவது நிலத்தை எடுப்பதாகச் செய்யும் இறுதிப் பிரகடனம், அரசிதழில் வெளியான அன்றே நிலம் மத்திய அரசுக்கு உரியதாகிவிடுகிறது; நீங்கள் அதைப் படித்தீர்களா, ஒப்புக்கொண்டீர்களா என்று யாரும் கேட்பதில்லை. வாங்க மறுத்த தபால் 'மறுக்கப்பட்டது' என்ற குறிப்போடு திரும்பினால், அது உங்கள் கையில் சேர்ந்ததாகவே சட்டப்படி கொள்ளப்படும். இழப்பீட்டை வாங்க மறுத்தாலும் பணம் உரிய அதிகாரியிடம் வைப்பீடாகிவிடும். அதன்பின் 60 நாள் அவகாசம் தந்து நிலத்தை ஒப்படைக்கச் சொல்வார்கள், ஒப்படைக்காவிட்டால் காவல்துறை வரும். கதவைச் சாத்திக்கொண்டவர் இழப்பது ஆட்சேபிக்கும் வாய்ப்பைத்தான்.

அந்த வாய்ப்பும் மிகக் குறுகியது. நிலத்தை எடுக்க உத்தேசம் என்று முதலில் தெரிவிக்கும் 3ஏ அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்து மூலமாக ஆட்சேபணை தர வேண்டும். அந்த அறிவிக்கையின் சுருக்கம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில், அவற்றுள் ஒன்று தமிழில், வெளியாகும். வீட்டுக்குத் தனிக்கடிதம் வரும் என்று காத்திருப்பவருக்குக் கெடு முடிந்துவிட்ட செய்திதான் கிடைக்கும். சாலை அளக்க ஆட்கள் வந்துபோன ஊரில், தயவுசெய்து நாளிதழின் அறிவிப்புப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

பணத்தை வாங்கினால் வழக்குப் போட முடியாது என்பது இன்னொரு பயம். 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின் கீழ், 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதி வாங்குபவருக்குக் கூடுதல் தொகை கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. எழுதாமல் வாங்குபவருக்குத்தான் அது போய்விடுகிறது. நெடுஞ்சாலைக்கு எடுக்கப்படும் நிலத்துக்குத் தொகை போதவில்லையென்றால் மத்திய அரசு நியமித்த நடுவரிடம் மனுச் செய்யலாம். நடுவரின் தீர்ப்பிலும் குறையிருந்தால் மூன்று மாதத்துக்குள் நீதிமன்றம் செல்ல வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 30 நாள் கிடைக்கும், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது.

தொகை ஏன் குறைகிறது என்று கேட்பவர்களிடம் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சந்தை மதிப்பைக் கணக்கிடும்போது அரசின் வழிகாட்டி மதிப்பையும், அருகில் முந்தைய மூன்றாண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில் விலை உயர்ந்த பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு, அதிகமானதை எடுக்கிறார்கள். முத்திரைத்தாள் செலவை மிச்சப்படுத்த ஊரே சேர்ந்து பத்திரத்தில் பாதி விலையை எழுதிவிட்டு, பிறகு அரசு ஏமாற்றுகிறது என்றால் நான் எதைக் காட்டி வாதாடுவேன்? கட்டாயமாக நிலத்தை எடுப்பதற்காக இழப்பீட்டுக்குச் சமமாகச் சேர்த்துத் தரும் ஆறுதல் தொகையும் இந்த மதிப்பை வைத்துத்தான் கணக்காகிறது என்பதால், அடித்தளம் குறைந்தால் எல்லாமே குறையும்.

மரம், கிணறு, ஆழ்துளைக் குழாய், மோட்டார் அறை ஆகியவற்றை அளவீட்டு நாளுக்கு முன்பே படமெடுத்து, எண்ணிக்கையோடு எழுதிக் கொடுங்கள். நிலம் துண்டுபட்டு மிச்சப்பகுதிக்கு வழியோ தண்ணீரோ தடைப்பட்டால், அதற்கும் தனியாக நட்ட ஈடு கேளுங்கள். கேட்காததை எந்த அதிகாரியும் தானாகச் சேர்க்க மாட்டார். சதவீதம் பேசிக்கொண்டு வரும் தரகர்களுக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள்.

பெரியவருக்கு 21 நாள் கெடு கடந்துவிட்டது. இனி தொகைக்காக நடுவரிடம் போராடலாம். பட்டாவைக் கேட்டேன். பல ஆண்டுகளுக்கு முன் இறந்த தந்தையின் பெயரிலேயே இருக்கிறது, தம்பி தங்கையர் நால்வரும் வெளியூரில். மனுவை எழுதுவதற்கு முன் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அனுப்பினேன்.