டிராவல்ஸ் மூடிவிட்டால் கட்டிய பணத்தை எங்கே கேட்பது?

சுற்றுலா நிறுவனமோ விமான நிறுவனமோ திவாலானால், பணம் கட்டிய பயணிக்குத் திருப்பிக் கொடுக்கவென்று நம் நாட்டில் தனி நிதி எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அரசாங்கம் ஏதாவது செய்யும்" என்று காத்திருந்தே காலக்கெடுவைக் கோட்டைவிட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பிரிட்டனில் அப்படியொரு நிதி இருக்கிறது. விமானப் பயணமும் சேர்ந்த பேக்கேஜ் டூர் விற்கும் நிறுவனம் ஒரு பயணிக்கு இரண்டரை பவுண்டு வீதம் அதில் கட்டியாக வேண்டும். 2019 செப்டம்பரில் அங்கே தாமஸ் குக் கவிழ்ந்தபோது வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை விமானம் வைத்துக் கூட்டி வந்தார்கள், பேக்கேஜுக்கு முன்பணம் கட்டியவர்களுக்கும் பணம் திரும்பியது. (இந்தியாவில் அதே பெயரில் இருப்பது வேறு நிறுவனம், பயப்பட வேண்டாம்.) நம் கதை வேறு. 2023 மே 3-ஆம் தேதி கோ ஃபர்ஸ்ட் விமானங்கள் நின்றன. ஒரு வாரத்தில் திவால் வழக்கு ஏற்கப்பட்டது. 2025 ஜனவரியில் நிறுவனத்தையே கலைக்க உத்தரவு வந்தது. டிக்கெட் வாங்கியவர்கள், நிறுவனம் பணம் தர வேண்டிய கடன்காரர்கள் வரிசையில் போய் நிற்க வேண்டியதாயிற்று.

ஆகவே பணத்தை ஒரே இடத்தில் கேட்டு வாங்க முடியாது. மூன்று நான்கு வாசல்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு.

கார்டில் கட்டியிருந்தால் முதல் வேலை வங்கியில் சார்ஜ்பேக் கேட்பது, அதாவது கார்டில் போன பணத்தை வியாபாரியிடமிருந்து வங்கி வழியாகவே திரும்பக் கேட்பது. கிரெடிட் கார்டுக்கு மட்டுமல்ல, டெபிட் கார்டுக்கும் இது உண்டு. விசா, மாஸ்டர்கார்டு விதிகளின்படி, பயணம் நடந்திருக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 120 நாள் அவகாசம். அதை நம்பிச் சாவகாசமாக இருக்காதீர்கள், நிறுவனம் மூடிய செய்தி வந்த அன்றே பதிந்துவிடுங்கள்.

கிளையில் போய்க் கேட்டால் கவுன்டரில் இருப்பவருக்கு இந்தச் சொல்லே புதிதாக இருக்கலாம். "நீங்களேதானே ஓடிபி போட்டீங்க, இது ஃபிராடு இல்லையே" என்பார். சரிதான், நீங்களும் ஃபிராடு என்று சொல்லவில்லை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். படிவத்தில் "நான் செய்யாத பரிவர்த்தனை" என்ற கட்டத்தில் டிக் போட்டால், ஓடிபி பதிவைக் காட்டிப் புகாரை மூடிவிடுவார்கள். "பணம் கட்டினேன், சேவை கிடைக்கவில்லை" என்ற காரணத்தின் கீழ் பதிய வேண்டும். கூடவே டிக்கெட் அல்லது பயணத் திட்டம், பணம் கட்டிய ரசீது, விமானம் ரத்தான செய்தி அல்லது நிறுவனம் மூடிய அறிவிப்பு.

அடுத்த பதில் இன்னும் நயமாக வரும்: "கம்பெனி திவால் கேஸில் இருக்கு சார், கோர்ட் தடை இருக்கு." அந்தத் தடை நிறுவனத்தின் மீது வழக்குப் போடுவதற்கும் நடத்துவதற்கும்தான். கார்டு தகராறு என்பது உங்கள் வங்கிக்கும் வியாபாரியின் வங்கிக்கும் நடுவே, கார்டு நிறுவனத்தின் விதிப்படி நடப்பது. "எந்த உத்தரவின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள்" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளர். இணையத்திலேயே புகார் தரலாம், செலவு கிடையாது, விவரம் கேட்க 14448. ஆனால் வங்கிக்கு முதலில் எழுத்தில் புகார் கொடுத்த எண் இல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிளை மேலாளரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது.

டூரை இ.எம்.ஐ.யில் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: போகாத டூருக்கு எதற்குத் தவணை என்று நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்தவன் வேறு, டூர் விற்றவன் வேறு. சிபில் மதிப்பெண் கெடுவதுதான் மிச்சமாகும்.

யுபிஐ, வங்கிப் பரிமாற்றம், ரொக்கம் இவற்றில் கட்டியவர்களுக்கு இந்த வாசல் நடைமுறையில் இல்லை. அதிலும் மோசம், நிறுவனக் கணக்குக்கு அனுப்பாமல் அங்கே வேலை பார்த்தவரின் சொந்த எண்ணுக்கு அனுப்பியது. "கம்பெனி கணக்குல லிமிட் முடிஞ்சிடுச்சு, என் நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க சார்" என்ற ஒரு வரியை நம்பி, காசி யாத்திரைக்கு மொத்தக் குடும்பத்தின் பணத்தையும் அப்படி அனுப்பிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கோப்பைப் பார்த்திருக்கிறேன். நிறுவனம் வாங்கியதற்கான ரசீதே இல்லை. அந்த வாட்ஸ்அப் உரையாடல்தான் கடைசியில் ஒரே சான்று. உங்களுடையதை அழித்துவிடாதீர்கள். போன் மாற்றும் முன் தேதியும் எண்ணும் தெரியும்படி எடுத்து வையுங்கள்.

அப்புறம், பணம் வாங்கியது யார் என்று பார்க்க வேண்டும். நம் ஊர் டிராவல்ஸ் நிறையப் பேர் கம்பெனியே கிடையாது. பெயர்ப்பலகையில் 'இன்டர்நேஷனல்' என்று இருக்கும், சட்டப்படி அது ஒரு தனி ஆளின் கடை. இதைக் கண்டுபிடிக்க வக்கீல் வேண்டாம். பில்லில் 15 எழுத்து ஜிஎஸ்டி எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்து உரிமையாளரின் பான் எண். ஆக மொத்த எண்ணில் ஆறாவதாக வருவதைப் பாருங்கள். பி (P) என்றால் தனிநபர், எஃப் (F) என்றால் கூட்டு நிறுவனம், சி (C) என்றால் பதிவான கம்பெனி. அதே எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் உரிமையாளரின் சட்டப் பெயரும் பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். பில்லே தரவில்லையா? அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று இப்போது சொல்லி என்ன பயன், பணம் போன கணக்கின் பெயரிலிருந்து தொடங்குங்கள்.

கம்பெனி என்றால், திவால் வழக்கு தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் ஏற்கப்பட்டதும் ஓர் இடைக்கால அதிகாரி நியமிக்கப்படுவார். கடன்காரர்கள் தங்கள் பாக்கியைச் சொல்லலாம் என்று அவர் பொது அறிவிப்பு வெளியிடுவார். எங்கே? நிறுவனத்தின் பதிவு அலுவலகம் இருக்கும் ஊரில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை, ஒரு வட்டார மொழிப் பத்திரிகை. மும்பை நிறுவனமென்றால் மராத்தியில் வந்திருக்கும். மதுரைக்காரர் அதை எப்படிப் பார்ப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை. கெடுவோ, அதிகாரி நியமனமான நாளிலிருந்து வழக்கமாக 14 நாள். அதனால் பத்திரிகையை நம்பாமல், திவால் வாரியமான ஐபிபிஐ தளத்தில் பொது அறிவிப்புகள் பகுதியில் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். விண்ணப்பிக்கும் கடைசி நாளும் அதிகாரியின் மின்னஞ்சலும் அதிலேயே இருக்கும். கெடு தாண்டியிருந்தாலும் தாமதக் காரணத்தோடு அனுப்புங்கள், பிந்தி வருபவற்றை ஏற்கவும் விதியில் கொஞ்சம் இடமிருக்கிறது.

எந்தப் படிவம் என்பதில் அடுத்த குழப்பம். முன்பணம் கொடுத்துச் சேவை கிடைக்காதவரும் செயல்பாட்டுக் கடன்காரர் (கடன் கொடுத்ததால் அல்லாமல், பொருள் அல்லது சேவை தொடர்பாகப் பணம் வர வேண்டியவர்) தான் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. அதன்படி ஃபார்ம் பி (B). அறிவிப்பில் பயணிகளுக்கென்று வேறு படிவமோ தனி இணையப் பக்கமோ சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். "ஒரு கோடிக்குக் குறைவா இருந்தா திவால் சட்டத்தில் எதுவும் செய்ய முடியாது" என்று சில வக்கீல்களே சொல்லி அனுப்புகிறார்கள். அந்த ஒரு கோடி, வழக்கைத் தொடங்குவதற்கான வரம்பு. நடந்துகொண்டிருக்கும் வழக்கில் 4,000 ரூபாய் டிக்கெட்டுக்கும் உரிமை கோரலாம். கட்டணம் இல்லை. கட்டணம் கேட்டோ, ஆப் ஒன்றை இறக்கச் சொல்லியோ போன் வந்தால் பேசுபவன் திருடன். பெரிய நிறுவனம் விழுந்ததும் அந்தப் பெயரில் இவர்கள் கிளம்பிவிடுவார்கள்.

தொகையில் கட்டிய பணத்தை மட்டும் எழுதுங்கள். மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் என்று சேர்த்தால் இங்கே ஏற்கப்படாது.

இவ்வளவும் செய்து எவ்வளவு வரும்? பெரிய நம்பிக்கை தர மாட்டேன். கலைப்பு என்று வந்துவிட்டால் நடவடிக்கைச் செலவு, அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிகள், தொழிலாளர் பாக்கி, ஊழியர் சம்பளம், அரசு பாக்கி எல்லாம் போன பிறகுதான் நம்மைப் போன்றவர்கள். வீடு வாங்க முன்பணம் கட்டியவர்களை 2018-இல் சட்டம் திருத்தி வங்கிகளைப் போன்ற நிதிக் கடன்காரர் வரிசைக்கு உயர்த்தினார்கள். டிக்கெட் வாங்கியவனுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. ஆனாலும் அனுப்புங்கள். நிறுவனத்தை வேறொருவர் எடுத்து நடத்தும் திட்டம் ஒப்புதலானால், உரிமை கோராதவரின் பாக்கி அத்தோடு அழிந்துவிடும். வங்கியிலோ நுகர்வோர் ஆணையத்திலோ அலையும் அலைச்சலோடு ஒப்பிட்டால் இது ஒரு மின்னஞ்சல்தான். மீட்பு தோற்று நிறுவனம் கலைப்புக்குப் போனால் மறுபடி ஓர் அறிவிப்பு வரும், அதற்கு வழக்கமாக 30 நாள். முதல் முறை விட்டவர்களுக்கு அது இரண்டாவது வாய்ப்பு.

டிக்கெட்டை நடுவில் ஒரு ஏஜென்ட்டிடமோ இணையதளத்திலோ வாங்கியிருந்தால் பந்தாட்டம் ஆரம்பமாகும். ஏஜென்ட் "ஏர்லைன்ஸுக்குக் கட்டியாச்சு" என்பார், ஏர்லைன்ஸ் "ஏஜென்ட்டைக் கேளுங்க" என்னும். ஏஜென்ட்டிடம் ஒன்றை எழுத்தில் கேளுங்கள்: என் பணத்தை எந்தத் தேதியில் யாருக்குக் கட்டினீர்கள், ஆதாரம் என்ன? சில நேரம் கட்டியே இருக்க மாட்டார்கள், அல்லது விமான நிறுவனத்திடம் அவர் முன்கூட்டிப் பணம் போட்டு வைக்கும் கணக்கில் பணம் திரும்பியிருக்கும். திவால் தடை அந்த விமான நிறுவனத்துக்குத்தான் குடை, ஏஜென்ட்டுக்கு இல்லை. ஏஜென்ட் மீது நுகர்வோர் வழக்குப் போடத் தடையே கிடையாது.

கடை தனிநபருடையது என்றால் பெரும்பாலும் திவால் வழக்கே இருக்காது. ஷட்டர் மூடியிருக்கும், போன் சுவிட்ச் ஆஃப். இங்கே முக்கிய வாசல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். "சென்னையில போய்ப் போடுங்க" என்று யாராவது சொன்னால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவைக் காட்டுங்கள். கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இணையத்தில் அரசின் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் போடலாம்.

மனுவைவிட அலுவலகத்தில்தான் மூச்சு வாங்கும். பக்க எண் இல்லை, பிரமாணப் பத்திரம் இல்லை, எதிர்மனுதாரர் எத்தனை பேரோ அத்தனை பிரதி இல்லை என்று ஒவ்வொரு தடவை ஒவ்வொன்றாகச் சொல்லித் திருப்புவார்கள். எல்லாக் குறையையும் ஒரே தடவையில் எழுதிக் கொடுக்கச் சொல்லி அங்கேயே நில்லுங்கள். எதிராளி முகவரியாகப் பூட்டிய கடையை மட்டும் கொடுத்தால் நோட்டீஸ் "கதவு பூட்டியுள்ளது" என்று திரும்பும், வாய்தா தள்ளிக்கொண்டே போகும். உரிமையாளரின் வீட்டு முகவரியையும் தேடிச் சேருங்கள். தனிநபர் கடை என்றால் கடை மூடினாலும் கடன் அந்த ஆளை விடாது. உத்தரவு வாங்கியும் கட்டவில்லை என்றால் அதே ஆணையத்தில் 72-ஆவது பிரிவில் மனு போடலாம், மூன்றாண்டு வரை சிறைக்கு வழியுண்டு. அந்த மனு போன பிறகு சமாதானம் பேச வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டு வருடம். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டு அதையே வழக்கு என்று நினைத்து இதைக் கழித்துவிடாதீர்கள். அவர்கள் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பார்கள், அவ்வளவுதான். மூடிய கடை யாருக்குப் பதில் எழுதப் போகிறது?

போலீஸிலும் புகார் கொடுக்கலாம், மூடப்போவது தெரிந்தே பணம் வசூலித்தார்கள் என்று காட்ட முடிந்தால். கடைசி வாரத்தில் "இன்னைக்குக் கட்டினா தள்ளுபடி" என்று வந்த செய்திகளைக் கையில் எடுத்துப் போங்கள். "இது சிவில் மேட்டர்" என்பது நிலையத்தில் முதல் பதில். புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். அதுவும் தரவில்லை என்றால் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ அனுப்புங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே புகார் கொடுக்கச் சொல்வார்கள், கொடுங்கள், ஆனால் அசல் ரசீதுகளைக் குழுத் தலைவர் என்று ஒருவரிடம் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு. நிறுவனம் தள்ளாடும்போது பணத்துக்குப் பதில் கிரெடிட் வவுச்சர் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள், அது மூடும் நாளோடு காகிதமாகிவிடும். வெளிநாட்டு டூருக்குக் கட்டும்போது டி.சி.எஸ். என்று வரி பிடித்திருப்பார்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் பிடித்த வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பாருங்கள். அந்த நிறுவனத்தின் பெயரில் தொகை ஏறியிருந்தால், அந்த வரியை உங்கள் ரிட்டர்னில் கணக்குக் காட்டித் திரும்பப் பெறலாம். பில் தராத நிறுவனம் உங்களிடம் பணம் வாங்கியதற்கு அரசு ஆவணமாகவும் அந்தப் பதிவே நிற்கும், பிரதி எடுத்து மனுவோடு வையுங்கள்.