காந்தத்துக்குள் மல்லி வாசம்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் மல்லி வாசம் ஆளைத் தூக்கும், பத்து நிமிஷம் நின்று பேரம் பேசினால் அதே வாசம் எங்கே போனதென்றே தெரியாது. பூ அங்கேயேதான் குவிந்து கிடக்கிறது, மூக்குக்குத்தான் பழகிவிட்டது. எலியின் மூளை வாசனையை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று எம்.ஆர்.ஐ.யில் பார்ப்பவர்களுக்கும் இந்தப் பழக்கம் பெரிய தலைவலி.

அதனால் வாசனையை விட்டு விட்டுத் தருகிறார்கள். சில நொடி வாசனை, அப்புறம் வெறுங்காற்று, திரும்பவும் வாசனை.

சொல்ல எளிதுதான், ஆனால் எலிகளுக்கான எம்.ஆர்.ஐ. கருவிக்குள் இருக்கும் காந்தத்தின் வலிமை பெரும்பாலும் 7 அல்லது 9.4 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு), நம் ஊர் ஸ்கேன் சென்டரில் இருப்பது 1.5 அல்லது 3. அதன் பக்கத்தில் இரும்பைக் கொண்டுபோகவே கூடாது. காற்றைத் திறந்து மூடும் மின்வால்வைத் தள்ளி வைத்துவிட்டு, நீளமான டெஃப்லான் குழாயை மட்டும் எலியின் மூக்கு வரை இழுக்கிறார்கள். ரப்பர் குழாய் போட்டால் வாசனையை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்ல விடும், பூ வாங்கி வந்த மஞ்சப்பை மறுநாளும் மணக்கிறதே, அந்தக் கதைதான்.

எனக்கு ரொம்பப் பிடித்த நுணுக்கம் இனிமேல்தான். வாசனைக் காற்றைத் திடீரென்று திறந்துவிட்டால் முகத்தில் காற்று அடிக்கும், எலியின் மீசை அதை உடனே உணர்ந்துவிடும். அப்புறம் மூளையில் தெரிந்த மாற்றம் வாசனையாலா, காற்று பட்டதாலா? அதற்காகக் காற்று நிற்காமல் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், வால்வு மாறும்போது சுத்தக் காற்று விலகி அதே அளவு வாசனைக் காற்று அந்த இடத்துக்கு வரும். மிச்ச வாசனை அங்கேயே தேங்காமல் இன்னொரு குழாய் உறிஞ்சி வெளியேற்றும். மீசையின் உணர்வையே ஆராய்கிறவர்கள் மட்டும் வேண்டுமென்றே சின்னச் சின்னதாகக் காற்றை ஊதுவார்கள்.

சரி, படத்தில் என்ன தெரிகிறது? ஆக்ஸிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைக் கொஞ்சம் கலைக்கும். நரம்புகள் வேலை செய்யும் இடத்துக்குப் புது ரத்தம் தேவைக்கு மேலேயே பாய்வதால் அந்தக் கலைசல் குறைந்து, படத்தில் அந்த இடம் சற்றுப் பிரகாசமாகிறது. ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா 1990-இல் எலிகளில் காட்டியது இதைத்தான். ரத்தம் வந்து சேரச் சில நொடிகள், வாசனை குழாயைக் கடக்கவும் கொஞ்ச நேரம். அந்தத் தாமதத்தை முன்கூட்டியே அளந்து, ஸ்கேனர் அனுப்பும் மின்துடிப்போடு வால்வைக் கட்டிவிடுகிறார்கள். அப்படி எடுத்த படங்களில், மூக்கிலிருந்து சேதி முதலில் போய்ச் சேரும் மூளைப் பகுதியான நுகர்குமிழில், ஒவ்வொரு வாசனைக்கும் வேறு வேறு புள்ளிகள் பிரகாசமாவது தெரிகிறது.