பொடியாட்ரி: பாதவியலா, பாத மருத்துவமா?

பீடியாட்ரிக்ஸ், ஆர்த்தோபீடிக்ஸ், பெடிக்யூர், பொடியாட்ரி. நான்கும் காதில் ஒரே குடும்பம் போல விழும். ஆனால் முதல் இரண்டும் குழந்தையைப் பற்றியவை, அடுத்த இரண்டும் பாதத்தைப் பற்றியவை. பாதக் கோளாறுகளைப் பார்க்கும் பொடியாட்ரி துறையைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதுதான் இங்கே கேள்வி. பீடியாட்ரிக்ஸில் இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஆர்த்தோபீடிக்ஸிலும் அதேதான். குழந்தைகளின் உடல் கோணலைத் திருத்துவது பற்றி 1741-இல் எழுதிய நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், 'நேர்', 'குழந்தை' என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி அதை உருவாக்கினார். எலும்பு முறிவு மருத்துவரின் பெயர்ப்பலகையில் ஒரு குழந்தை ஒளிந்திருப்பது பலருக்குத் தெரியாது. அந்த 'பீடி' கால்தான் என்று நினைத்துக்கொள்பவர்களே அதிகம்.

பொடியாட்ரியில் உள்ளது 'பூஸ்' என்ற கிரேக்கச் சொல். 'பாதத்தின்' என்று சொல்ல வேண்டுமானால் அது 'பொடோஸ்' ஆகும். பெடிக்யூரில் இருப்பது அதன் லத்தீன் உறவு. தமிழில் புழங்கும் 'பாதம்' கூட இந்தக் குடும்பம்தான். வடமொழி வழியாக வந்த அந்தச் சொல்லும் கிரேக்க 'பொடோஸ்' என்பதும் ஒரே மூல வேரிலிருந்து கிளைத்தவை. ஆகவே பொடியாட்ரியைப் 'பாதம்' என்ற சொல்லை வைத்துத் தமிழாக்கும்போது, நாம் அறியாமலே பழைய பங்காளியிடம்தான் அதை ஒப்படைக்கிறோம்.

சொல்லின் பின்பாதி 'இயாட்ரோஸ்', அதாவது மருத்துவர். சைக்கியாட்ரி, ஜீரியாட்ரிக்ஸ் எல்லாவற்றிலும் வருவது இதுவே. அவற்றை மனநல மருத்துவம், முதியோர் மருத்துவம் என்று ஏற்கெனவே சொல்லிவருகிறோம். அந்த வரிசையில் பொடியாட்ரி பாத மருத்துவம் ஆவதுதான் முறை. 'பாதவியல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். '-இயல்' என்பது 'லாஜி' என்று முடியும் துறைகளுக்கு நாம் ஒதுக்கிவைத்த விகுதி. பாதவியல் என்றால் பாதத்தை ஆராயும் படிப்பு என்ற எண்ணம் வரும்; கால் ஆணியைச் சீவி எடுக்கும் கை அதில் தெரியாது.

'கால் மருத்துவம்' என்றால் என்ன குறை? தமிழில் கால் இடுப்பில் தொடங்குகிறது. 'அடி' நல்ல தமிழ்ச் சொல்தான், ஆனால் 'அடி மருத்துவம்' என்று பலகை வைத்தால் அடிபட்டவர்கள்தான் வந்து நிற்பார்கள். 'தாள்' காகிதமாகிவிட்டது. பாதமே பொருத்தம்.

இந்தத் துறைக்கு முதலில் இருந்த பெயர் வேறு. முன்பு ஆங்கிலத்தில் இதைச் செய்தவர் வெறும் 'ஆணி வெட்டுபவர்'. சந்தையிலும் தெருவிலும் நடந்த தொழில். 1785-இல் லண்டனைச் சேர்ந்த டேவிட் லோ என்பவர் இதற்கு 'கைரோபடி' என்ற கௌரவமான கிரேக்க உடையைத் தைத்துப் போட்டார். 'கெய்ர்' என்றால் கை, 'பூஸ்' என்றால் பாதம். கையிலும் காலிலும் வரும் ஆணி, மரு, நகக் கோளாறுகளைப் பார்ப்பவர் என்பது கணக்கு. நாளடைவில் கை கழன்றுகொண்டது, பாதம் மட்டும் மிஞ்சியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 'பொடியாட்ரி' புழக்கத்துக்கு வந்தது. 1912-இல் கைரோபடிஸ்ட்கள் என்ற பெயரில் கூடிய அந்நாட்டுச் சங்கம் 1950-களின் இறுதியில் பொடியாட்ரி சங்கமாகப் பெயர் மாற்றிக்கொண்டது. பிரிட்டனில் இரண்டு பெயர்களும் இன்றும் சட்டப் பாதுகாப்பு உள்ளவை; பதிவு செய்யாதவர் எதையும் போட்டுக்கொள்ள முடியாது. நடைமுறையில் இரண்டும் ஒன்றுதான். அதனால் கைரோபடிக்கென்று தனித் தமிழ்ச் சொல் தேடி அலைய வேண்டாம்.

கைரோபடியில் கழன்ற அந்தக் 'கை' இன்னொரு சொல்லில் பத்திரமாக இருக்கிறது. சர்ஜரி என்பது கிரேக்க 'கெய்ரூர்கியா'விலிருந்து லத்தீன், பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்த சொல். நேர்ப்பொருள் 'கைவேலை'. மருந்து கொடுத்துக் குணப்படுத்துவதிலிருந்து கையால் செய்வதைப் பிரித்துக்காட்ட வந்த பெயர் அது. தமிழ் கையைப் பார்க்கவில்லை, கத்தியைப் பார்த்தது. ஈழத் தமிழில் வழங்கும் 'சத்திர சிகிச்சை'யில் உள்ள சத்திரம், வெட்டும் கருவியைக் குறிக்கும் வடசொல்லின் தமிழ் வடிவம். 'அறுவை சிகிச்சை' அறுத்தலிலிருந்து வந்தது. இந்தப் பயன்பாடு புதிதல்ல. 'வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் மாளாத காதல் நோயாளன்' என்று பெருமாள் திருமொழியில் குலசேகர ஆழ்வார் பாடுகிறார். அறுப்பதும் சுடுவதும் மருத்துவனின் வேலை என்பது கேட்பவர்களுக்குத் தெரிந்திருந்தால்தான் அந்த உவமை எடுபடும். 'அறுவை' என்று தனியாக நிறுத்தினால் சங்க காலத்தில் துணி, இன்றைய பேச்சில் கழுத்தறுக்கும் பேச்சு. அதனால் பின்னால் 'சிகிச்சை'யோ 'மருத்துவம்' என்றோ ஒன்று வந்தே ஆக வேண்டும்.

இனி இரண்டும் சேரும் இடம்: பொடியாட்ரிக் சர்ஜரி. பாத அறுவை சிகிச்சை என்று சொல்லிவிடலாம், அதில் சிக்கல் இல்லை. அதைச் செய்பவரை என்னவென்று அழைப்பது என்பதில்தான் சிக்கல். பிரிட்டனில் இவர் மருத்துவக் கல்லூரி வழியாக வருவதில்லை. முதலில் பாத மருத்துவத்தில் இளநிலைப் பட்டம், பதிவு, சில காலம் பணி. அப்புறம் முதுநிலைப் படிப்பு. அதற்கு மேல் தேர்ந்தவர் மேற்பார்வையில் பல ஆண்டு அறுவைப் பயிற்சியும் தேர்வுகளும். அமெரிக்காவில் பாதை வேறு. அங்கே பாத மருத்துவமே நான்காண்டு முனைவர் நிலைத் தொழிற்பட்டம். அதன் பிறகு மூன்றாண்டு மருத்துவமனைப் பயிற்சி.

வேலையை விடாமல் பிரிட்டனின் அந்த முதுநிலைப் படிப்பைப் படிக்க விரும்புபவர்களுக்கு இணையவழி கைகொடுக்கிறது. உடற்கூறு, நடையின் இயக்கவியல், உணர்விழப்பு மருந்துகள், அறுவைக்கு முன் நோயாளியை மதிப்பிடுவது, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டுவது போன்ற பின்விளைவுகள், ஆய்வுக் கட்டுரைகளை எடைபோடுவது எல்லாம் திரையில் படிக்கக் கூடியவை. பெருவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்து, அதன் அடி மூட்டு வெளியே துருத்தும் 'பனியன்' கோளாற்றை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்ரே படத்தில் முதல் பாத எலும்பின் நடுவே ஒரு கோடு, பெருவிரலின் முதல் எலும்பின் நடுவே ஒரு கோடு. இரண்டும் வெட்டும் கோணம் ஏறக்குறைய 15 டிகிரியைத் தாண்டினால் சாய்வு என்று கணக்கு. அடுத்து முதல், இரண்டாம் பாத எலும்புகளுக்கு இடைப்பட்ட கோணம். அது ஏறக்குறைய 9 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எந்த முறையில் எலும்பை வெட்டுவது என்பதை முடிவு செய்வதில் இந்த எண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டு மேசையில் உட்கார்ந்து நூறு படங்களில் கோடு போட்டுப் பழகலாம், யாருக்கும் வலிக்காது.

அந்த முதல் பாத எலும்பின் தலைப்பகுதியில் சிறு ரம்பத்தால் 'வி' வடிவில் வெட்டி, தலையைச் சில மில்லிமீட்டர் நகர்த்தி, ஒரு திருகாணியால் பிணைப்பது வேறு கதை. ரம்பம் எலும்பின் மறுபுறத்தைத் தொடும்போது கைக்குத் தெரியும் மாற்றத்தை எந்தக் காணொளியும் கற்றுத்தராது. பிரிட்டனில் இத்தகைய படிப்புக்குப் 'பாத அறுவை சிகிச்சைக் கோட்பாடு' என்ற பொருள்படும் தலைப்பு வைப்பதுண்டு. நேர்மையான தலைப்பு. தமிழில் எழுதும்போது அந்தக் 'கோட்பாடு' என்ற சொல்லை விட்டுவிட்டால், பட்டம் வாங்கிய மறுநாளே கத்தியை எடுக்கலாம் என்று பொருள்பட்டுவிடும்.

ஆளின் பெயருக்கு வருவோம். 'பாத அறுவை மருத்துவர்' என்பது சொல்லளவில் சரி. ஆனால் தமிழ் வாசகர் அதைப் பார்த்ததும் எம்.பி.பி.எஸ்., பிறகு எலும்பியல் என்றே நினைப்பார். இந்தக் குழப்பம் ஆங்கிலத்திலும் உண்டு. ஆஸ்திரேலியாவில் இத்துறையின் ஒழுங்குமுறையை ஆராய்ந்து 2024-இல் வெளியான மதிப்பாய்வு, 'பொடியாட்ரிக் சர்ஜன்' என்பதை 'சர்ஜிக்கல் பொடியாட்ரிஸ்ட்' என்று திருப்பிப் போடச் சொன்னது. வார்த்தைகள் கிட்டத்தட்ட அவையேதான், இடம்தான் மாறியது. முதல் பெயரில் அவர் சர்ஜன். இரண்டாவதில் அவர் அறுவையும் செய்யும் பொடியாட்ரிஸ்ட்.

தமிழில் வெறுமனே இடம் மாற்றினால் போதாது. 'அறுவைப் பாத மருத்துவர்' என்று சொன்னால் நாக்கு தடுக்கும். 'மருத்துவர்' என்ற சொல்தான் இங்கே தொல்லை. பிரிட்டன், ஆஸ்திரேலியா பற்றி எழுதும்போது துறையைப் பாத மருத்துவம் என்றும், ஆளைப் 'பாதநல வல்லுநர்' என்றும், அறுவைக்குத் தகுதி பெற்றவரை 'அறுவைப் பயிற்சி பெற்ற பாதநல வல்லுநர்' என்றும் எழுதுவேன். நீளம்தான். செய்தித் தலைப்பில் இடிக்கும் என்றால் 'பாத அறுவை வல்லுநர்' என்று சுருக்கிக்கொள்ளலாம். அமெரிக்கர் ஒருவரைப் பற்றியது என்றால் 'பாத மருத்துவர்' என்று தயங்காமல் எழுதலாம். அங்கே அவரை டாக்டர் என்றே கூப்பிடுகிறார்கள்.