ஹார்ட்பர்ன் என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள்

"வெறும் ஹார்ட்பர்ன்தான் டாக்டர், இரவு பிரியாணி சாப்பிட்டேன்." அவசர சிகிச்சைப் பிரிவில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சென்ற வாரம் வந்தவருக்குப் பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நெஞ்செரிச்சலோடு ஆறு மணி நேரம் வீட்டிலேயே இருந்திருக்கிறார். சோடா, ஓமத்தண்ணீர், இரண்டு ஜெலுசில். இசிஜி எடுத்தால் மாரடைப்பு. பிழைத்துவிட்டார். ஆனால் செத்துப்போன இதயத் தசை திரும்ப வளராது.

"பெயரிலேயே ஹார்ட் இருக்கிறதே, இதயம் நினைவுக்கு வரவில்லையா?" என்று கேட்டேன். "அது வயிற்றுக் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியுமே" என்றார்.

சொல்லைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. கிரேக்கத்தில் 'கார்டியா' என்றால் இதயம். இரைப்பையின் மேல்வாயும் அதே பெயர்தான். உடற்கூறு வகுப்பில் இன்றும் அந்த இடத்தைக் கார்டியா என்றே படிக்கிறோம். பழைய மருத்துவர்கள் நெஞ்செரிச்சலைக் 'கார்டியால்ஜியா' என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் குமட்டலைக்கூட இதயத்தின் நோவு என்றே சொல்கிறார்கள். இதயத்துக்கும் இரைப்பைக்கும் இடையே மொழி கோடு கிழிக்கவே இல்லை. நமக்கு வயிற்றெரிச்சல் என்றால் பொறாமை. ஆங்கிலத்தில் அதே பொருளை 'ஹார்ட்பர்னிங்' தந்தது. நம் 'நெஞ்சு' மட்டும் என்ன? மார்பும் அதுதான், மனமும் அதுதான்.

ஆகவே தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்: ஹார்ட்பர்ன் என்பது உணர்வின் பெயர், காரணத்தின் பெயர் அல்ல. எரிவது எங்கே என்று அது சொல்லும். எதனால் என்று சொல்லாது. உணவுக்குழாய்க்குள் ஏறிய அமிலமும் அடைபட்ட இதயத் தமனியும் ஒரே மாதிரி எரியலாம். ஏப்பம் விட்டதும் குறைந்தது, ஜெலுசில் குடித்ததும் குறைந்தது, அதனால் இது வாயுதான் என்கிறீர்கள். மாரடைப்பிலும் அப்படிக் குறைவதைப் பார்த்திருக்கிறோம். அது சோதனையே அல்ல. சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியவர்களுக்குப் பாடநூலில் சொல்லும் மார்புவலியே வராமல் போகலாம். முதல் இசிஜியில் மாரடைப்பு தெரியாமலும் போகலாம். அது சரியாக இருந்தாலும் நாங்கள் மீண்டும் எடுப்பது அதனால்தான். பணம் பறிப்பதற்காக அல்ல.

புதிதாக வந்த எரிச்சலா? வியர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா, தாடைக்கோ கைக்கோ பரவுகிறதா, நடந்தால் கூடுகிறதா? 108-ஐ அழையுங்கள். வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாயுதான் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். நள்ளிரவில் வந்ததற்காக உங்களை யாரும் திட்டமாட்டோம்.