அந்தோனியோ ஃப்ராகோசோவின் கடைசிக் காய்ச்சல்

லிஸ்பன் இசைக் கல்லூரியில் போர்ச்சுகீசிய இசையமைப்பாளர் அந்தோனியோ ஃப்ராகோசோ பியானோ படிப்பை முடித்தது 1918இல். 20க்கு 20 மதிப்பெண். அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று, சொந்த ஊரான போக்காரிசாவில் இறந்துபோனார். வயது 21. காரணம், உலகையே உலுக்கிய ஸ்பானிஷ் ஃப்ளூ. அந்தச் சில நாட்களில் அவருடைய உடன்பிறந்தவர்களையும் அதே வீடு பறிகொடுத்தது.

போர்ச்சுகலில் கோயிம்பிரா நகரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். பியானோவில் முதல் பாடம் சொல்லிக்கொடுத்த உறவினர் ஒரு மருத்துவர் என்பதைப் படித்தபோது எனக்கு மனசு என்னவோ செய்தது. லிஸ்பனில் இசையமைப்பாளர் லூயிஸ் டி ஃப்ரெய்டாஸ் பிராங்கோ போன்றவர்களிடம் பயின்றார். 'பெத்தீத் சுவீத்' என்ற மூன்று பகுதித் தொகுப்பின் நடுவில் வரும் தாலாட்டைக் கேட்டால், ஃபோரே, டெபுஸி போன்ற பிரெஞ்சு இசையமைப்பாளர்களை இந்தப் பையன் எவ்வளவு ஊன்றிக் கேட்டிருப்பான் என்று தெரியும். ஏழு பிரெலூடுகள் (சின்னச் சின்ன பியானோ படைப்புகள்), ஒரு பியானோ சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பு), நாக்டர்ன்கள் (இரவின் மனநிலையைச் சொல்லும் இசை) மிஞ்சின. வயலினுக்கும் பியானோவுக்குமாகத் தொடங்கிய சொனாட்டா பாதியில் நின்றுவிட்டது.

நான் பொது மருத்துவன். இசை விமர்சகன் அல்ல. இவரைப் பற்றி எழுதக் காரணம், "சின்ன வயசு, திடகாத்திரமான உடம்பு, ஃப்ளூ என்ன பண்ணிடும்?" என்று கேட்பவர்கள்தான். வழக்கமாக இது பச்சிளங்குழந்தைகளையும் முதியவர்களையும்தான் அதிகம் வாட்டும். 1918இல் 20 முதல் 40 வயதுக்காரர்களை வாரிக்கொண்டு போனது. ஃப்ராகோசோ இறந்த அதே மாதம் 25ஆம் தேதி போர்ச்சுகலின் நவீன ஓவியர் அமதேயு டி சோசா கார்டோசோவும் இதே ஃப்ளூவில் போனார். அவருக்கு வயது 30.

1918 ஃப்ளூவில் இறந்தவர்களின் நுரையீரல் மாதிரிகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றில் வைரஸுக்குப் பின்னால் பாக்டீரியாவும் நுழைந்து நிமோனியா ஆக்கியிருந்தது தெரிந்தது. பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928இல். மனிதரிடமிருந்து ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933இல்தான். ஆக, அன்றைய மருத்துவர் கையில் என்ன இருந்தது? படுக்கை, கஞ்சி, ஈரத்துணி.

இன்று மருந்து இருக்கிறது, ஆள் வருவதுதான் தாமதம். அடிக்கடி பார்ப்பது இப்படி: மூன்று நாள் காய்ச்சல், பிறகு விட்டுவிடும், வேலைக்கும் போய்விடுவார்கள். இரண்டு நாளில் மறுபடி குளிர்க்காய்ச்சல், பழுப்புச் சளி, மூச்சு இழுத்தால் விலாவில் குத்தல். "திரும்பவும் அதே வைரல் ஃபீவர்தான் டாக்டர்" என்பார்கள். விட்டுத் திரும்பும் காய்ச்சலை நான் முதலில் நிமோனியாவாகத்தான் சந்தேகிப்பேன்.

ஒருவர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் நான் கவனிப்பது தெர்மாமீட்டரை அல்ல, பேச்சை. ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால், வீட்டில் வைத்துப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல் போவது, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது (நகப்பூச்சு இருந்தால் விரலில் மாட்டும் கருவி தப்பாகக் காட்டலாம்), உதடு நீலம் பாரிப்பது, பேச்சு குழறுவது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் நேரே மருத்துவமனைதான். இரவானாலும் சரி.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மூன்று நாள் ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஃப்ளூ வைரஸுக்கான மருந்து ஓசெல்டமிவிர், காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். அதையும் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், 65 தாண்டியவர்கள் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் போன வருட ஊசி இந்த வருடத்துக்குப் போதாது. போட்டபின் உடம்பில் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் பிடிக்கும். பக்கத்து வீட்டில் இருமல் கேட்ட பிறகு ஓடி வராதீர்கள். சீசனுக்கு முன்னாலேயே வாருங்கள்.