இரண்டு மைக்குகளுக்கு நடுவே காணாமல் போகும் குரல்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நண்பர்கள் நால்வர் சேர்ந்து நடத்தும் இசைக்குழு அவருடையது. கிடார் வாசித்துக்கொண்டே பாடும் ஒருவர், ஒரு வயலின், மேலே உட்கார்ந்து கையால் தட்டும் பெட்டி வடிவத் தாளக்கருவியான ஒரு கஹோன், அவற்றோடு வில்லுப்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்ட ஒரு குடம். வீட்டுப் பட்டாசாலையில், அதாவது கூடத்தில் அமர்ந்து, இடையில் நிறுத்தாமல், எல்லோரும் ஒன்றாக வாசிப்பதை அப்படியே பதிவு செய்கிறார்கள். பாடகரின் வாய்க்கு முன்னால் ஒரு மைக், கிடாருக்கு முன்னால் இன்னொன்று. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நன்றாக இருக்கின்றன. சேர்த்துக் கேட்டால் குழாய்க்குள் நின்று பாடுவது போலக் குரல் ஒலிக்கிறது. பழுது மைக்கிலா, அறையிலா என்பது அவர் கேள்வி.

இரண்டிலும் இல்லை, பழுது தூரத்தில் இருக்கிறது. ஒலி என்பது காற்றின் அழுத்தம் கூடிக் குறையும் அலை என்பதும், மைக்கின் சவ்வு அந்த அழுத்தத்துக்கு ஏற்ப அசைந்து மின்னலையை உண்டாக்குகிறது என்பதும் பள்ளியில் படித்தவைதான். காற்றில் ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடும். நெல்லையில் சாதாரணமான 30 டிகிரி செல்சியஸில் அது நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். அதாவது ஒரு மில்லிசெகண்டில் ஒலி 35 சென்டிமீட்டர் நகர்கிறது. இனி வரும் கணக்குக்கு இந்த ஓர் எண் போதும்.

பாடகரின் வாயிலிருந்து பாட்டு மைக் 10 சென்டிமீட்டரிலும் கிடார் மைக் 45 சென்டிமீட்டரிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே குரல் முதல் மைக்கை அடைந்து சரியாக ஒரு மில்லிசெகண்ட் கழித்து இரண்டாவதை அடைகிறது. 500 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒரு சுற்றை முடிக்க இரண்டு மில்லிசெகண்ட் எடுக்கும் என்பதால், முதல் மைக்கில் அலை உச்சியில் இருக்கும் கணத்தில் இரண்டாவது மைக்கில் அதே அலை பள்ளத்தில் இருக்கும். மிக்சரில் இரண்டையும் கூட்டும்போது உச்சியும் பள்ளமும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. 1000 ஹெர்ட்ஸில் அந்த ஒரு மில்லிசெகண்டுக்குள் முழுச் சுற்று முடிந்துவிடுவதால் உச்சியோடு உச்சி சேர்ந்து ஒலி பெருக்கிறது. 1500இல் மறுபடி பள்ளம், 2000இல் மறுபடி உச்சி, இப்படியே கேட்கும் எல்லை வரை. வரைபடத்தில் இது சீப்பின் பற்களைப் போல் தெரியும் என்பதால் ஒலிப்பொறியாளர்கள் இதைச் சீப்பு வடிகட்டி என்கிறார்கள். இரண்டு மைக்கிலும் குரல் சம அளவில் இருந்தால் உச்சிகளில் 6 டெசிபல் கூடும். பள்ளங்களிலோ எதுவுமே மிஞ்சாது. இல்லாமலே போன ஒலியை, அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் எவ்வளவு உயர்த்தினாலும் அது திரும்பி வராது.

வாசகர் சொன்ன குழாய் வெறும் உவமை அல்ல. இரு முனையும் திறந்த 17.5 சென்டிமீட்டர் நீளக் குழாய் இதே 1000, 2000, 3000 ஹெர்ட்ஸில்தான் ஒத்ததிரும். சம இடைவெளியில் அமைந்த உச்சிகளைக் கேட்டதும், அறையில் இல்லாத ஒரு குழாயை அவருடைய காது சரியாகவே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறது.

கிடார் மைக் வாயிலிருந்து நாலரை மடங்கு தொலைவில் இருக்கிறதே, அதில் குரல் மெலிந்துதானே விழும் என்று கேட்கலாம். விழுவது மெலிந்துதான். ஆனால் கிடார் குரலைவிட மெல்லிய கருவி; அதைக் கேட்கும்படி செய்ய அந்த மைக்கின் அளவை ஏற்றும்போது, அதில் விழுந்த குரலும் சேர்ந்தே ஏறிவிடுகிறது. வயலினையும் கஹோனையும் நிறுத்திவிட்டுப் பாடகரை மட்டும் பதிவு செய்தாலும் குறை நீங்காதது இதனால்தான்.

கணினியில் கிடார் தடத்தை, அதாவது கிடார் மைக்கின் பதிவை, ஒரு மில்லிசெகண்ட் முன்னே நகர்த்தினால் தீர்ந்துவிடும் என்று பலர் யோசனை சொல்வார்கள். குரல் பொருந்திவிடும், உண்மை. ஆனால் கிடாரின் ஒலி கிடார் மைக்கை முதலில் அடைந்து, பிறகுதான் பாட்டு மைக்குக்குப் போகிறது. தடத்தை முன்னே தள்ளினால் அந்த இடைவெளி இன்னும் ஒரு மில்லிசெகண்ட் கூடும். குரலைக் காப்பாற்றிக் கிடாரைக் கெடுத்ததாக முடியும். மின்முனையை மாற்றி அலையைத் தலைகீழாக்கும் பொத்தானை அழுத்தினாலோ உச்சிகளும் பள்ளங்களும் இடம் மாறிக்கொள்ளும், அவ்வளவுதான். கூடவே அடிக்குரலும் மெலிந்துபோகும்.

தீர்வு மைக்கின் உள்ளேயே இருக்கிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் மகிழ்விக்கும் பொறியமைப்பும் அதுதான். மேடைகளில் காணும் பெரும்பாலான பாட்டு மைக்குகள் முன்னால் வரும் ஒலியை வாங்கி, பின்னால் வருவதை ஒதுக்குபவை. இதற்கு உள்ளே எந்த மின்னணு மூளையும் இல்லை. சவ்வின் முன்பக்கம் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். பின்பக்கத்துக்கும் சில துளைகள் வழியாகக் காற்று போகும், ஆனால் அந்த வழி ஒலியைச் சற்றுத் தாமதிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். பின்னாலிருந்து வரும் ஒலி துளைகளை முதலில் எட்டினாலும் உள்வழியில் தாமதமாகிறது. அதே ஒலி மைக்கைச் சுற்றிக்கொண்டு முன்பக்கத்தை அடையவும் அதே அளவு நேரம் ஆகிறது. சவ்வின் இரு புறமும் ஒரே கணத்தில் ஒரே அழுத்தம். சவ்வு அசையாமல் நிற்கிறது. முன்னாலிருந்து வரும் ஒலிக்கோ சுற்றிப்போகும் நேரமும் உள்வழித் தாமதமும் கூடிவிடுவதால் இரு புற அழுத்தமும் வேறுபட, சவ்வு நன்றாக அசைகிறது. மிக்சரில் நம் பாட்டைக் கெடுத்த அதே தாமதமும் கழித்தலும், இங்கே ஒரு கட்டைவிரல் நீளத்துக்குள் நமக்காக வேலை செய்கின்றன.

கொடை விழா மேடைகளில் சிலர் மைக்கின் தலையை முழுதாகக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு பாடுவதைப் பார்த்திருப்பீர்கள். துளைகள் அடைபட்டதும் பின்னால் வரும் ஒலியை ஒதுக்கும் திறன் போய்விடுகிறது. ஸ்பீக்கரின் ஒலியை மைக் மறுபடி வாங்க, கூச்சல் எழுகிறது. திட்டு வாங்குபவர் என்னவோ மைக்செட்காரர்தான்.

ஆகவே பாட்டு மைக்கைத் தாழ வைத்து, அதன் பின்முனை கிடாரைப் பார்க்கும்படி வாயை நோக்கி நிமிர்த்துங்கள். கிடார் மைக்கை மேலிருந்து சாய்த்து, அதன் பின்முனை வாயைப் பார்க்கும்படி வையுங்கள். குடத்துக்கும் வயலினுக்கும் தனி மைக் வைப்பதானால், ஒரு மைக் தன் கருவிக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதைப் போல் மூன்று மடங்காவது அடுத்த மைக்கிலிருந்து விலகியிருக்கட்டும். பக்கத்துக் கருவியின் ஒலி மூன்றில் ஒரு பங்கு வீச்சோடு வந்து சேர்ந்தால், பள்ளத்தின் ஆழம் மூன்றரை டெசிபலுக்குள் அடங்கிவிடும்.

ஒரே மைக் வைத்தாலும் சீப்பு முற்றிலும் விடாது, ஏனென்றால் தரை இருக்கிறது. சம்மணமிட்டுப் பாடுபவரின் வாயும் மைக்கும் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில், ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், டைல்ஸில் பட்டுத் திரும்பும் ஒலி 80 சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணிக்கிறது. 220 ஹெர்ட்ஸையொட்டி, ஆண் குரலின் நடுப்பகுதியில், ஏறக்குறைய 7 டெசிபல் பள்ளம் விழுகிறது. பத்தமடைப் பாயை விரித்தால் சரியாகிவிடுமா? கோரை நெய்த அந்த மெல்லிய பாய் கூர்மையான ஒலிகளை ஓரளவு மழுக்கும். ஆனால் 220 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஒன்றரை மீட்டருக்கும் மேல், அதற்குப் பாய் இருப்பதே தெரியாது. மைக்கை 20 சென்டிமீட்டருக்கு நெருக்கினால், நேர் ஒலி ஓங்கிவிடுவதால் அதே தரையின் பள்ளம் சுமார் ஒரு டெசிபலாகச் சுருங்கிவிடும். செலவில்லாத வைத்தியம் இது.

சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டும் வழக்கத்தையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கலாம். மெல்லிய காகிதக்கூழால் ஆன அட்டை தாழ்ந்த ஒலியை உறிஞ்சவும் செய்யாது, தெருச் சத்தத்தைத் தடுக்கவும் செய்யாது. தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும். வாஸ்து பார்த்து ஸ்டூடியோ வாசலை மாற்றுகிறவர்களைக் கேலி செய்யும் நண்பர்களே இந்த அட்டையை நம்புவதுதான் எனக்கு வியப்பு.

அதே அறையில் நேரில் உட்கார்ந்து கேட்கும்போது இந்தக் குழாய் ஏன் கேட்பதில்லை? நமக்கு இரண்டு காதுகள். ஒவ்வொரு காதிலும் பள்ளங்கள் வெவ்வேறு அதிர்வெண்களில் விழுகின்றன, தலையை அசைத்தால் அவையும் இடம் மாறுகின்றன. மூளை இரண்டையும் ஒப்பிட்டு, முதலில் வந்த ஒலிக்கே மதிப்புக் கொடுத்துப் பின்வந்த எதிரொலியை அடக்கிவிடுகிறது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டுப் பாருங்கள், அறையின் முழக்கம் சட்டென்று கூடியதாகத் தோன்றும். மைக் வைக்கும் இடத்தைத் தேட நல்ல முறையும் அதுதான்.

மிருதங்கம், தபலா ஆகியவற்றின் மேற்சுரங்கள் ஏன் இசைவாக அமைகின்றன என்பதை சி.வி. ராமன் 1920இலேயே நேச்சர் இதழில் எழுதினார். வில்லுப்பாட்டின் குடமும் உடுக்கையும் அதே அளவு கவனத்துக்கு உரியவை. ஒத்ததிர்வுக் குழாயை வைத்து ஆண்டுதோறும் ஒலியின் வேகத்தை அளக்கும் கல்லூரி ஆய்வகங்களுக்கு, ஒரு மைக்கும் ஒரு குடமும் வாங்கச் சிறு நல்கை கொடுத்தால் மாணவர்களுக்கு அதைவிட நல்ல ஆய்வுப் பொருள் கிடைக்காது என்பது என் கட்சி.

கடைசியாக ஒன்று. உங்கள் பாட்டைப் பலர் கேட்கப்போவது ஹெட்போனில் அல்ல, இடத்தையும் வலத்தையும் ஒன்றாகக் கூட்டித் தரும் ஒற்றை ஸ்பீக்கரில். முழுக் குழுவுக்கும் சேர்த்து இரண்டு மைக் வைப்பதானால், ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஸ்டீரியோ முறையை ஒட்டி, இரண்டின் தலைகளையும் ஒரே புள்ளியில் வெவ்வேறு திசை பார்க்க வையுங்கள். நேர வித்தியாசமே இல்லாததால், ஒன்றாகக் கூட்டினாலும் சீப்பு தோன்றாது. எப்படி வைத்தாலும், நண்பர்கள் கருவிகளை உறையில் போடுவதற்கு முன்பே பதிவை ஒருமுறை மோனோவாக, அதாவது இரு பக்கத்தையும் கூட்டிய ஒற்றை ஒலியாக மாற்றிக் கேட்டுவிடுங்கள்.